போர்க்கப்பல் மரத்தில் பேனா கடைதல்: துண்டு கைக்கு வந்தது முதல் ரீஃபில் ஏறும் வரை

சாதாரணப் பேனாக்கட்டை ஒன்று லேத்தில் பிளந்துபோனால் அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம். 1797இல் பாஸ்டனில் நீரில் இறங்கிய அமெரிக்கப் போர்க்கப்பலான கான்ஸ்டிடியூஷனிலிருந்து கழற்றிய துண்டு பிளந்துபோனால் அடுத்தது கிடையாது. கீழே வரும் ஒவ்வொரு படியும் இதை வைத்தே தீர்மானமாகிறது. ரம்பம் எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும், எந்தப் பசை, எவ்வளவு நாள் காத்திருப்பது, எந்தக் கறையை விட்டுவைப்பது என்று எல்லாமே மரத்தை வீணாக்காமலும் அதன் அடையாளத்தை அழிக்காமலும் இருப்பதற்காகத்தான்.

லேத்தில் பத்துப் பேனாவாவது கடைந்து பழகியவர்களுக்கானது இந்த வழிகாட்டி. பழகாதவர்கள் அதே இனத்துப் புது மரத்தில், அதே கிட்டில் (பேனாவின் உலோகப் பாகங்கள் அடங்கிய தொகுப்பு), முதலில் பத்து முடித்துவிட்டு வரவும்.

கையில் இருப்பது எந்த மரம்

போர்க்கப்பல் மரம் என்றதும் எல்லோரும் ஓக் எனப்படும் கருவாலியைத்தான் நினைக்கிறார்கள். ஒரே கப்பலில் நான்கைந்து இனங்கள் இருக்கலாம். 1765இல் சாத்தம் துறையில் மிதக்கவிடப்பட்டு, 1805இல் டிரஃபால்கர் போரில் பிரிட்டிஷ் தளபதி நெல்சனின் கொடிக்கப்பலாக இருந்த விக்டரியில் உடல் கருவாலி. அடிமரமான ஏராவோ எல்ம் மரம். கான்ஸ்டிடியூஷனின் விலா எலும்புகள் அமெரிக்காவின் தென்பகுதிக் கடலோரங்களில் வளரும் லைவ் ஓக், பலகைகள் வெள்ளைக் கருவாலி. திருகோணமலையின் பெயரைத் தாங்கி 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் கட்டிய டிரிங்கோமலி முழுக்க மலபார்த் தேக்கு. இங்கிலாந்தில் நல்ல கருவாலி அருகியதால்தான் பிரிட்டிஷ் கடற்படை பம்பாய்க்கு வந்தது. அந்தக் கப்பல் இன்றும் ஹார்ட்டில்பூலில் நிற்கிறது. 20ஆம் நூற்றாண்டின் எஃகுப் போர்க்கப்பல்களிலும் மேல்தளப் பலகை தேக்குதான். இன்று சந்தைக்கு வரும் 'போர்க்கப்பல் தேக்கு' பெரும்பாலும் அத்தகைய தளங்களைப் புதுப்பித்தபோது கழற்றியது.

இனத்தை அறிய ஒரு முனையைக் கூர்மையான கத்தியால் சீவி, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். கருவாலியில் ஆண்டு வளையம்தோறும் பெரிய துளைகள் வரிசையாகத் தெரியும். மையத்திலிருந்து வெளியே ஓடும் அகன்ற கதிர்கள் வெறும் கண்ணுக்கே தெரியும். தேக்கில் கதிர்கள் மெல்லியவை, சீவிய இடத்தைத் தொட்டால் மெழுகுபோல வழுக்கும், பதனிட்ட தோலின் வாசனை வரும். லைவ் ஓக்கை எடையே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கன மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1,000 கிலோ வரும் அது, ஆங்கிலக் கருவாலியோ 700 கிலோவை ஒட்டியே நிற்கும். கப்பிகளின் உருளைகள் லிக்னம் வைட்டே என்னும், நீரில் மூழ்கும் மரம். இது அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், நாடு விட்டு நாடு அனுப்பும் முன் அனுமதி விதிகளைப் பார்க்க வேண்டும்.

எதைத் தொடக்கூடாது

வறண்ட துறையில் நிற்கும் கப்பலைப் புதுப்பிக்கும்போது கழற்றி, கப்பலைப் பராமரிக்கும் அமைப்பே ஆவணத்தோடு வெளியிட்ட மரம்தான் இந்த வேலைக்கு ஏற்றது. 1927 முதல் 1931 வரை நடந்த கான்ஸ்டிடியூஷன் புதுப்பிப்புக்கு, கழற்றிய மரத்திலும் உலோகத்திலும் செய்த நினைவுப்பொருள்களை விற்றும் பணம் திரட்டினார்கள். இந்தப் பழக்கம் புதிதல்ல.

கடலடியில் கிடக்கும் போர்க்கப்பலிலிருந்து எடுத்த மரம் வேறு கதை. அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டுச் சட்டம் மூழ்கிய போர்க்கலங்களைக் காக்கிறது. பிரிட்டனில் 1986ஆம் ஆண்டின் படைத்துறை எச்சங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது போக, சிதைவிலிருந்து எது கிடைத்தாலும் 28 நாளுக்குள் அதற்கான அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். பல கப்பல்கள் மாலுமிகளின் கல்லறையும்கூட. 'டைவர் எடுத்தது' என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

சட்டம் இடம் கொடுத்தாலும் அந்த மரம் பேனாவுக்கு ஆகாது. நூற்றாண்டுக் கணக்கில் நீரில் ஊறிய மரத்தின் செல் சுவர்கள் கரைந்து, நீர் மட்டுமே வடிவத்தைத் தாங்கி நிற்கும். காய வைத்தால் நசுங்கிச் சுருங்கிவிடும். 1628இல் மூழ்கி 1961இல் தூக்கப்பட்ட ஸ்வீடனின் வாசாவையும், 1982இல் தூக்கப்பட்ட இங்கிலாந்தின் மேரி ரோஸையும் ஆண்டுக்கணக்கில், மரத்துக்குள் நீரின் இடத்தை நிரப்பும் பாலிஎத்திலீன் கிளைக்காலால் நனைத்தே காப்பாற்ற முடிந்தது.

இன்னொன்று: 1897இல் பிளாக்பூல் கரையில் சிதைந்த பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பலான ஃபூட்ராயன்டின் மரத்தில் அக்காலத்திலேயே செய்த பெட்டிகளும் கைத்தடிகளும் ஏலங்களில் வருவதுண்டு. அவை தாமே பழம்பொருள்கள். அவற்றை அறுத்துப் பேனாவாக்குவது அழிப்பு வேலை.

அறுக்கும் முன் நான்கு சோதனைகள்

முதலில் நான்கு பக்கமும் இரு முனைகளும் அளவுகோலோடு புகைப்படம். எடை, நீள அகலம், யாரிடமிருந்து எந்த ஆவணத்தோடு வந்தது என்று ஒரு தாளில் எழுதி அந்தத் துண்டுக்கு எண் கொடுங்கள். பிறகு சோதனைகள்.

உலோகம். காந்தம் மட்டும் போதாது, அது இரும்பைத்தான் பிடிக்கும். அடிப்பகுதிக்குச் செப்புத் தகடு அடித்த கப்பல்களில் தகட்டருகே இருந்த இரும்பு ஆணிகள் மின்வேதி அரிப்பால் கரைந்துபோயின. அதனால் 1780களில் பிரிட்டிஷ் கடற்படை செப்புக் கலவை ஆணிகளுக்கு மாறியது. அவற்றைக் கண்டுபிடிக்கக் கையடக்க மெட்டல் டிடெக்டர் தேவை. நீலக்கருப்புக் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு, பச்சைக் களிம்பு தெரிந்தால் செம்பு. சாக்பீஸால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். செப்பை ரம்பம் வெட்டிவிடும். துருவேறிய இரும்பு பல்லை உடைத்துவிடும்.

நஞ்சு. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஈயச் சோதனைக் குச்சி சில நிமிடத்தில் பதில் சொல்லும். வண்ணம் இருக்கும் பக்கத்தை உப்புத்தாளால் தேய்க்கவோ வெப்பத்துப்பாக்கியால் சுடவோ கூடாது. அந்த முகத்தை ஒரே தகடாக அறுத்து, நெகிழிப் பையில் மூடி, சான்றாக வைத்துக்கொள்ளலாம். கலப்பத்து (பலகைகளுக்கிடையே அடைத்த நார்) இடுக்குகளில் தார் ஒட்டியிருந்தால் துண்டை ஒரு இரவு உறைபெட்டியில் வையுங்கள். குளிரில் தார் நொறுங்கும், மழுங்கிய உளியாலேயே பெயர்ந்துவிடும். 20ஆம் நூற்றாண்டில் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் மருந்தடித்த மரங்கள் உண்டு. பச்சையாகவோ எண்ணெய் நெடியோடோ இருந்தால், கொடுத்தவரிடம் மருந்து விவரம் கேட்காமல் அறுக்காதீர்கள்.

ஈரம். பேனாவுக்கு 6 முதல் 8 சதவீதம் போதும். உலோகம் பக்கத்தில் இருந்தாலும் உப்பு இருந்தாலும் ஈரமானி பொய் சொல்லும்; எடை பொய் சொல்லாது. கட்டையாக அறுத்தபின் வாரம் ஒருமுறை 0.1 கிராம் துல்லியத் தராசில் நிறுங்கள். மூன்று வாரம் எடை மாறாவிட்டால் அறையின் ஈரத்தோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள்.

உப்பு. இதைப் பலர் தவறவிடுகிறார்கள். உப்புள்ள மரம் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து, சில மாதங்களில் நிப் (ரீஃபில் முனை வெளிவரும் கூம்பு), கிளிப் முலாமைப் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். 10 கிராம் சீவலை 100 மி.லி. வடிநீரில் (காய்ச்சி வடித்த நீர்) ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டி, அதில் வெள்ளி நைட்ரேட் கரைசல் இரண்டு சொட்டு விடுங்கள். பால்போலத் திரண்டால் குளோரைடு இருக்கிறது. அப்படியென்றால் அறுத்த கட்டைகளை வடிநீரில் மூழ்க வைத்து, தினமும் நீர் மாற்றி, சோதனை தெளியும் வரை ஊறவைக்கலாம். ஆனால் இரும்புக் கறை உள்ள கருவாலியை ஊறவைத்தால் கறை கட்டை முழுக்கப் பரவிவிடும். அந்தக் கட்டைகளைப் பிரித்து வையுங்கள்.

அந்தக் கறையைப் பற்றி ஒரு சொல். கருவாலியின் டானினும் இரும்பும் சேர்ந்து பிறப்பது அது. கருவாலியில் உண்டாகும் மாசிக்காயையும் இரும்பு சல்பேட்டையும் கலந்துதான் அந்தக் காலத்து மையையும் காய்ச்சினார்கள். மாலுமிகளின் குறிப்பேடுகளில் ஓடிய மையும் கப்பலின் ஆணியைச் சுற்றிப் படர்ந்த கருமையும் ஒரே வேதியியல். ஆக்சாலிக் அமிலம் விட்டால் கறை வெளுக்கும். வெளுக்காதீர்கள், பேனாவில் அதைவிட நல்ல அலங்காரம் வேறில்லை.

அறுப்பது: மரம் தூளாகப் போகும் இடம்

300 × 100 × 50 மி.மீ. துண்டு ஒன்று இருக்கிறது என்று கொள்வோம். 15 மி.மீ. சதுரக் கட்டை, நீளம் 128 மி.மீ. வட்டரம்பம் ஒரு வெட்டுக்கு 3 மி.மீ. தின்னும். அகலத்தில் 5, கனத்தில் 2, நீளத்தில் 2, ஆக 20 கட்டை. 1.5 மி.மீ. மட்டுமே தின்னும் மெல்லிய பட்டைரம்பத்தில் அகலத்தில் 6, கனத்தில் 3, நீளத்தில் 2, ஆக 36. அதே மரத்தில் பதினாறு பேனா கூடுதல். விரிசலும் ஆணித்துளையும் கழித்தால் எண்ணிக்கை குறையும், விகிதம் மாறாது. இந்த வேலைக்கு வட்டரம்பம் வேண்டாம்.

கருவாலியில் கதிர்ப் பட்டைகளின் வெள்ளி மினுக்கம் வேண்டுமானால், கட்டையின் இரு முகங்கள் கதிருக்கு இணையாக அமையும்படி அறுங்கள். கடைந்தபின் எதிரெதிர் இரு பக்கங்களில் மினுக்கமும் இடைப்பட்ட இரு பக்கங்களில் நேர்க்கோட்டு ரேகையும் வரும். நாரோட்டம் கட்டையின் நீளத்தோடு ஓட வேண்டும். குறுக்கே அறுத்த கட்டை பார்க்க அழகாக இருந்தாலும், பழைய மரத்தில் லேத்திலேயே ஒடிந்துவிடும்.

ஆணித்துளையோ மர ஆணியோ உள்ள இடத்தைக் கட்டையின் நடுநீளத்தில் விழவைக்கவும். முனையில் விழுந்தால் பூட்டும்போது அங்கேயே விரிசல் விடும்.

ஒவ்வொரு கட்டையிலும் துண்டின் எண்ணையும் கட்டை எண்ணையும் எழுதி, பேனா நடுவில் சேரும் இடத்தைத் தாண்டி ஒரு முகத்தில் அம்புக்குறி போடுங்கள். இரண்டாக வெட்டியபின் ரேகை தொடர்ந்து வர இந்தக் குறியே துணை. வெட்டில் விழும் தூளைச் சுத்தமான ஜாடியில் சேர்த்து, அதற்கும் அதே எண் கொடுங்கள். பின்னால் நிரப்புவதற்கு வேண்டும்.

எந்தக் கிட்

7 மி.மீ. ஸ்லிம்லைன் கிட்டே எல்லோரும் தொடங்கும் இடம். இரு பித்தளைக் குழாய், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 53 மி.மீ. உங்கள் கிட்டில் உள்ளதை வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். குழாய்க்கு 53, சமன் செய்ய 4, துளை வெளியேறும் முனையில் வெட்டி எறிய 5, இரண்டு பாதிக்கும் சேர்த்து 124, நடுவெட்டு 2, கையிருப்பு 2: அப்படி வந்ததுதான் மேலே சொன்ன 128.

இதன் குறை முனைகளில் தெரியும். புஷ் (முடிவு விட்டத்தைக் காட்டும் எஃகு வளையம்) அருகே முடிந்த விட்டம் 8.4 மி.மீ. அளவில் நிற்கும், 7 மி.மீ. துளை போனால் சுவரில் 0.7 மி.மீ. மரமே மிச்சம். உறுதியான தேக்குக்கும் லைவ் ஓக்குக்கும் அது போதும். ஆணியருகே இரும்பரித்த கருவாலி அந்தக் கனத்தில் தூளாகும். அதற்குத் தீர்வு, நடுப்பகுதியை 10.5 அல்லது 11 மி.மீ. வரை புடைக்கவிட்டு, முனைகளில் மட்டும் புஷ் அளவுக்கு இறக்குவது. மரமும் கூடுதலாகக் கண்ணில் படும். துண்டு குட்டையாக இருந்தால் ஒற்றைக் குழாய்க் கிட் எடுங்கள். மரம் பாதியே போதும், ரேகையும் அறுபடாது.

முலாமில் சிக்கனம் வேண்டாம். மலிவான பொன்முலாம் ஓராண்டில் தேய்ந்தால் இருநூறு வயது மரத்துக்கு அது அவமரியாதை. டைட்டானியம் நைட்ரைடு அல்லது குரோமியம் பூச்சு நீடித்து உழைக்கும்.

துளை

பழைய மரம் உடைவது பெரும்பாலும் இங்கேதான். காரணம் வெப்பம். துளைக்குள் தூள் அடைத்து, பிட் உரசி, உட்சுவர் சூடாகிச் சுருங்கி, கட்டை நீளவாக்கில் விரியும். விரிசல் அப்போது தெரியாது. பேனா முடிந்து ஒரு வாரத்தில் தெரியும்.

பேனாக்கட்டையைப் பிடிக்கும் தாடைகள் (ஜாஸ்) உள்ள சக்கில் கட்டையைப் பிடித்து, லேத்திலேயே துளையுங்கள். புதிதாகத் தீட்டிய 7 மி.மீ. பிட், நிமிடத்துக்கு 500 முதல் 600 சுற்று, லைவ் ஓக்குக்கு 400. முதலில் சென்டர் பிட்டால் குழி போட்டுக்கொண்டால் பிட் அலையாது. 10 மி.மீ. இறங்கியதும் முழுக்க வெளியே இழுத்துத் தூளைத் தட்டுங்கள். பிட்டை விரலால் தொட முடியவில்லையென்றால் நிறுத்தி ஆறவிடுங்கள். முனையை உடைத்துக்கொண்டு வெளியே வரவிடாமல், குழாய் நீளத்தைவிட 5 மி.மீ. தாண்டியதும் நின்று, மீதிக் கட்டையை ரம்பத்தால் வெட்டினால் முனை பிய்யாது. ஏற்கெனவே மெல்லிய விரிசல் இருந்தால் துளைக்கும் முன்பே அதில் தண்ணீர்ப் பதச் சயனோஅக்ரிலேட் பசையை (சூப்பர் க்ளூ வகை) ஊறவிட்டு, கட்டையைச் சுற்றி நூல் இறுக்கிக் கட்டி, ஓர் இரவு விடுங்கள்.

துளைத்த கட்டையை உடனே ஒட்டாதீர்கள். உள்ளே புது முகம் திறந்திருக்கிறது, ஈரம் மாறும். ஒரு நாள் விட்டு, குழாய் தளர்வாக நுழைகிறதா என்று பாருங்கள். இறுக்கமாக இருந்தால் துளை சுருங்கியிருக்கிறது, மரம் இன்னும் காயவில்லை.

உளுத்த மரத்துக்கு ரெசின்

வெற்றிடத்தில் ரெசின் ஏற்றினால் எந்த மரமும் கல்லாகும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. போர்க்கப்பல் மரத்தில் அது பாதியே உண்மை. ஆங்கிலக் கருவாலி, வெள்ளைக் கருவாலி இவற்றின் வைரப் பகுதியில் துளைகளை டைலோஸ் என்னும் அடைப்புகள் மூடியிருக்கும். மதுப் பீப்பாய் ஒழுகாததும் கப்பல் பலகை நீர் குடிக்காததும் அதனால்தான். ரெசினும் நுழையாது. தேக்கில் எண்ணெய் குறுக்கே நிற்கும்.

பூஞ்சையோ வண்டோ தின்று பஞ்சான இடங்களில் மட்டும் ரெசின் நன்றாக ஏறும். அத்தகைய கட்டையை 105 டிகிரி செல்சியஸ் அடுப்பில் ஒரு நாள் உலர்த்தி, மூடிய பையில் ஆறவிட்டு, வெப்பத்தில் இறுகும் ரெசினில் மூழ்கடித்து, குமிழ் நிற்கும் வரை வெற்றிடம் கொடுங்கள். சில மணி நேரம் ஆகலாம். வெற்றிடத்தை விடுவித்தபின் அதைப்போல் இரு மடங்கு நேரம் அப்படியே ஊற வேண்டும். ரெசின் உண்மையில் உள்ளே போவது அப்போதுதான். பிறகு அலுமினியத் தாளில் சுற்றி, தயாரிப்பாளர் சொன்ன வெப்பத்தில் இறுக்குங்கள். ஈரம் மிச்சமிருந்தால் ரெசின் இறுகாமல் பிசுபிசுக்கும். ரெசின் ஏற்றியதைச் சான்றட்டையில் எழுத மறக்காதீர்கள்.

குழாய் ஒட்டுவது

குழாயை 150 எண் உப்புத்தாளில் குறுக்கும் நெடுக்கும் கீறி, அசிட்டோனில் துடையுங்கள். சுவர் மெல்லியதாக இருக்கும் இடத்திலும் பூச்சித் துளையிலும் பித்தளை பளிச்சென்று தெரியும். அதனால் கருவாலிக்குக் கருப்பு, தேக்குக்குக் கரும்பழுப்பு வண்ணத்தைக் குழாயில் மெல்லப் பூசிக் காயவிடுங்கள். இது ஐந்து நிமிட வேலை, விட்டால் பேனா முடிந்தபின் திருத்த வழியில்லை.

பசை எப்பாக்ஸி. 5 நிமிட வகையை விட்டு, மெதுவாக இறுகும் 24 மணி நேர வகையை எடுங்கள். சயனோஅக்ரிலேட் பாதி வழியில் குழாயைப் பிடித்துக்கொண்டால் அந்தக் கட்டை போயிற்று. தேக்குத் துளையின் உட்சுவரை அசிட்டோன் நனைத்த குச்சியால் துடைத்து, ஆவியானதும் கால் மணிக்குள் ஒட்ட வேண்டும். தாமதித்தால் உள்ளிருந்து எண்ணெய் மறுபடி கசிந்து வந்து பசையைப் பிடிக்க விடாது. குழாய் முனைகளைக் களிமண் மெழுகால் அடைத்து, பசையைக் குழாயிலும் துளையின் உள்ளும் தடவி, திருகித் திருகி நுழையுங்கள். காற்றிடைவெளி விட்டால் கடையும்போது அந்த இடம்தான் உள்நோக்கி உடையும்.

ஒரு நாள் கழித்து முனைகளைச் சமன் செய்யலாம். சுழலும் வெட்டுக்கருவி நல்ல மரத்தில் சரி. நொய்ந்த மரத்தில் அது முனையைக் கொத்திவிடும்; 120 எண் வட்டத்தட்டில் ஜிக் வைத்துத் தேய்ப்பதே பாதுகாப்பு. பித்தளை விளிம்பு மினுங்கியதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் குழாய் குட்டையாகி, ரீஃபில் வெளியே நிற்கும்.

கடைவது

கருவாலித் தூளும் தேக்குத் தூளும் நுரையீரலுக்குக் கேடு. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறார்கள். தேக்கு தோலிலும் ஒவ்வாமை தரும். நுண்தூளை வடிகட்டும் எஃப்எஃப்பி3 தர முகமூடி, முகக்கவசம், தூள் உறிஞ்சி மூன்றும் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

கட்டைகளைக் கோத்துச் சுழற்றும் தண்டான மேண்ட்ரலின் திருகை விரலால் இறுக்கினால் போதும். அதிகம் இறுக்கினால் தண்டு வளைந்து, ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் பித்தளை தெரியவும் கடையும். 0.7 மி.மீ. சுவரில் அந்தப் பிழைக்கு இடமில்லை. மேண்ட்ரல் இல்லாமல் இரு கூம்பு முனைகளுக்கிடையே கடைவது இன்னும் நல்லது.

சதுரத்தை உருளையாக்க 1,500 சுற்றில் தொடங்கி, உருண்டதும் 2,500க்கு ஏற்றுங்கள். தேக்கில் சிலிக்கா இருப்பதால் எஃகு உளி ஒரு கட்டைக்குள் மழுங்கும். கார்பைடு முனை தாங்கும், ஆனால் அதைச் சற்றே கீழ்நோக்கிப் பிடித்துச் சுரண்டாமல் சீவ வேண்டும். கருவாலிக்கு நன்றாகத் தீட்டிய சாய்வுளி விட்டுப்போகும் முகத்துக்கு உப்புத்தாளே அதிகம் தேவைப்படாது. எப்போதும் முனைகளிலிருந்து நடுவை நோக்கி அல்ல, நடுவிலிருந்து முனை நோக்கி மெல்லிய வெட்டாகப் போங்கள்.

விட்டம் 12 மி.மீ. வந்ததும் நிறுத்திப் பாருங்கள். ஆணித்துளைகளும் வண்டுத் துளைகளும் இப்போது திறந்திருக்கும். சேர்த்து வைத்த தூளை எப்பாக்ஸியில் குழைத்து நிரப்பலாம். செப்பாணி இருந்த இடத்துக்குச் செப்புப் பொடி பொருத்தம். மர ஆணியின் வட்டம் தெரிந்தால் அதைத் தண்ணீர்ப் பதப் பசையால் ஊறவைத்துவிட்டே தொடருங்கள், இல்லாவிட்டால் உளி அதைத் தெறிக்கவிடும். இரும்புத் துணுக்கு எதிர்ப்பட்டால் உளியால் மோதாமல், லேத்தை நிறுத்தி, ஊசி அரத்தால் சமன் செய்யவும்.

உப்புத்தாள், மெருகு

கருவாலிக்கு ஒரு கட்டாய விதி: எஃகுக் கம்பிநார் படவே கூடாது. அதன் துகள் துளைகளில் தங்கி, ஈரம் பட்டதும் டானினோடு சேர்ந்து கரும்புள்ளிகளாகும். எஃகு புஷ்களைத் தொட்டுத் தேய்த்தாலும் இதே நிலைதான், முனைகளில் சாம்பல் படியும். உப்புத்தாள் எடுக்கும் முன் தண்ணீர்ப் பதப் பசை ஒரு பூச்சு கொடுத்துத் துளைகளை மூடிவிடுங்கள். பிறகு 240, 320, 400, 600. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் லேத்தை நிறுத்தி நீளவாக்கில் தேய்த்து, ஆல்கஹாலில் துடையுங்கள்.

திறந்த துளைகளை நிரப்ப, 400 எண்ணில் தேய்க்கும்போதே தண்ணீர்ப் பதப் பசை ஒரு சொட்டு விட்டால் அந்த மரத்தின் தூளே உள்ளே போய் அடைக்கும். இரண்டு முறை போதும்.

மெருகில் இரு வழி. சயனோஅக்ரிலேட் பூச்சு நீண்ட நாள் நிற்கும். அதற்காக முனை விட்டத்தை இறுதி அளவைவிட 0.1 முதல் 0.15 மி.மீ. குறைத்துக் கடைந்திருக்க வேண்டும். எஃகு புஷ்ஷை எடுத்துவிட்டு, பசை ஒட்டாத கூம்புகளை மாட்டி, தாள் துண்டில் நடுப்பதப் பசையை 6 முதல் 8 மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். பருத்தித் துணி கூடாது, பசையோடு சேர்ந்து கொதித்துப் புகையும். அவசரத்துக்குப் பசையை உடனே இறுகவைக்கும் வேகமூட்டி அடித்தால் வெண்மையும் குமிழும் வரும். ஈரத்தோடு மைக்ரோமெஷ் என்னும் மிக நுண்ணிய மெருகுத்தாளில் 1500 முதல் 12000 வரை தேய்க்கும் முன் இரு முனைகளின் மரத்தையும் பசையால் மூடுங்கள், இல்லையென்றால் நீர் புகுந்து ஓரம் வெளுக்கும்.

கண்ணாடிபோல மினுங்கும் பேனாவில் விரல் நெகிழியைத்தான் தொடுகிறது. தேக்குக்கும் உறுதியான லைவ் ஓக்குக்கும் மூன்றே பூச்சு, கடைசியில் 4000 எண்ணோடு நிறுத்தி அரைமினுக்கமாக விடுவதே நம் விருப்பம். கடின மெழுகெண்ணெய் இன்னும் இயல்பாக இருக்கும். ஆனால் ஓராண்டில் மறுபடி பூச வேண்டும் என்று வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும்.

பூட்டுவது

குழாய் உட்புறத்தில் ஒட்டிய பசையை உருட்டிய உப்புத்தாளால் முழுக்க நீக்குங்கள். விட்டுவைத்தால் அழுத்தும்போது குழாய் விரிந்து மரம் பிளக்கும். எல்லா வேலையும் முடிந்தபின் வரும் இழப்பு இதுதான். கீழ்ப்பாதியில் நிப்பை அழுத்துங்கள். மறுமுனையில், ரீஃபிலை முன்பின் நகர்த்தும் திருகு இயக்கியின் பித்தளைப் பக்கம் உள்ளே போக, அதன் கோடு வரை மட்டும். ரீஃபில் மாட்டித் திருகிப் பாருங்கள். முனை போதுமான அளவு வெளியே வராவிட்டால் அரை மில்லிமீட்டராக இன்னும் அழுத்தலாம். அதிகம் போய்விட்டால் உள்ளே மடங்காது, திரும்ப இழுப்பது கடினம். மேல்பாதியில் கிளிப்பும் மூடியும். நடுவளையம் மாட்டி, அம்புக்குறி நினைவில் ரேகை சேரும்படி இணையுங்கள்.

சான்றட்டையில் எழுதுவது

தெரிந்ததை மட்டும். 'டிரஃபால்கரில் போரிட்ட மரம்' என்று எழுதும் முன் யோசியுங்கள். விக்டரி 1922 முதல் போர்ட்ஸ்மவுத்தில் வறண்ட துறையில் நிற்கிறது. மரத்தைத் துளைக்கும் மரண வண்டும் 1941இல் விழுந்த குண்டும் அதைச் சிதைத்தன. பழுதுபார்ப்புகளில் தேக்கு போன்ற வெப்பமண்டல மரங்களும் ஏறின. ஆகவே அங்கிருந்து வந்த தேக்குத் துண்டு 1805ஐப் பார்த்திருக்காது. கப்பலின் பெயர், மர இனம், எந்தப் புதுப்பிப்பில் எந்த ஆண்டு கழற்றியது, வெளியிட்ட அமைப்பு, துண்டு எண், கட்டை எண், ரெசினோ நிரப்போ சேர்த்திருந்தால் அது. இவ்வளவும் எழுதினால் போதும்.

அட்டையின் பின்புறம் கிட்டின் பெயரையும் குழாய் அளவையும் ரீஃபில் வகையையும் குறித்துவிடுங்கள். திருகு இயக்கி எப்படியும் சில ஆண்டுகளில் தேயும். நிப்பை உள்ளிருந்து கம்பியால் தட்டி எடுத்து, இயக்கியைச் சக்கில் பிடித்துத் திருகி இழுத்தால், அடுத்தவர் மரத்துக்குச் சேதமில்லாமல் புதிய பாகம் பூட்டிக்கொள்வார்.